கேள்விக்காரி பீற்றிஸும் மூன்று தோணி ஊரும்

எங்கள் ஊரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தன்னாமுனையிலிருந்து சைக்கிளில் வந்தால் ஒரு வாய் வெற்றிலை சப்பி முடிகிற தூரம், வாவிக்கரை. அவ்வளவு தெரிந்தால் போதும். பெயரை எழுதினால் நாளைக்கு ஏதும் நிவாரணம் வரும்போது, "இவங்கள்தானே அந்தப் பொய்க்காரர்" என்று பட்டியலில் இருந்து வெட்டிவிடுவார்கள். பிறகு ஊர் சேர்ந்து என்னை வெட்டும்.

என் பெயரைத் தாராளமாக எழுதுகிறேன். சீனித்தம்பி. ஐஸ் சீனித்தம்பி என்று ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். படித்தது ஐந்தாம் வகுப்பு; அதிலும் கடைசித் தவணைக்குப் போகவில்லை. பதினோரு வயதில் ஐஸ் கட்டிக்கு மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்துக் கட்டி, வாவிக்கரை நெடுக விற்றவன் நான். இன்றைக்கு ஐஸ் உடைக்கிற மெசின் இரண்டு, ஊருக்குள் ஐஸ் ஏற்றுகிற பட்டா லொறி ஒன்று, கூலர் லொறி ஒன்று, மேல்மாடி வைத்த வீடு, இருநூறு கதிரை போடுகிற மண்டபம். கொழும்பில் இறால் சாப்பிடுகிற பெரிய மனிதர் எவரும் என் ஐஸில் படுத்தெழும்பாத இறாலைச் சாப்பிட்டிருக்கமாட்டார். இதையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆனால் இது என் கதை அல்ல. என் கதைக்கு இந்தத் தாள் காணாது. இது பீற்றிஸின் கதை. நியாயப்படி இதைப் படித்தவர்கள் எழுதியிருக்க வேண்டும். அவர்கள் பதினெட்டு வருடமாக அவளைக் கொண்டு ஊர் ஊராகக் கேள்வி கேட்பித்தார்கள். அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆகவே ஐந்தாம் வகுப்புக்காரன் பேனையைத் தூக்க வேண்டியதாயிற்று.

பீற்றிஸின் தகப்பன் வாவியில் வீச்சுவலை வீசிப் பிழைத்த மனிதர். மகளை உயர்தரம் வரை படிக்க வைத்தார். இருபத்தைந்து வயதில் அவளைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் அவளே கேள்வி கேட்டாள். குடிப்பீங்களா, எத்தனை நாளைக்கு ஒருக்கா, அம்மாவுக்குத் தெரியுமா. மூன்று பேரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். "கேள்விக்காரி" என்ற பட்டம் அப்போதே விழுந்துவிட்டது; தொழில் பின்னால்தான் வந்தது.

சுனாமிக்கு அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்தது. கையெழுத்து அழகான, இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டார்கள். எல்லாரும் பீற்றிஸைக் காட்டினார்கள். அன்றைக்கு அவள் கையில் கொடுத்த, கேள்விகள் அச்சடித்த வினாக்கொத்தை இன்றுவரை அவள் கீழே வைக்கவில்லை. நிறுவனங்கள் மாறின, வாகனங்களின் நிறம் மாறியது, கேட்கிறவள் அவளே. வடக்கே கதிரவெளியிலிருந்து தெற்கே தேற்றாத்தீவு வரைக்கும் அவள் திறந்து நுழையாத வீட்டுப் படலை இல்லை. எத்தனை கோழி, எத்தனை பிள்ளை, கிணற்றுக்கும் கக்கூசுக்கும் எத்தனை அடி. ஒரு முறை கவலையை அளக்க ஒரு கூட்டம் வந்தது. பீற்றிஸ் எங்கள் வீட்டுக்கும் வந்து என் மனைவி ஆச்சிப்பிள்ளையிடம் கேட்டாள்:

"மாமி, உங்கட கவலைக்கு ஒண்டில இருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"இந்த மனிசனோட நாப்பது வருசம் புள்ள. அஞ்சோட நிப்பாட்ட ஏலாது."

பீற்றிஸ் சிரிக்கவில்லை. ஐந்து என்று எழுதினாள். பக்கத்தில் சின்னதாக "அதற்கும் கூட" என்று குறித்தாள்.

அதுதான் அவளுடைய தொழில் தர்மம். வாய் சொன்னதை எழுதுவாள்; தன் கண் கண்டதை எழுதமாட்டாள். சோறு தின்கிற நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போகமாட்டாள். முதல் வீட்டில் மட்டும் தேத்தண்ணி குடிப்பாள், மற்ற வீடுகளில் கேட்டால், "இப்பதான் குடிச்சன்" என்பாள். அது எல்லா வீட்டுக்கும் உண்மை. வீட்டு நாயின் பெயரைக் கேட்டு, அதைக் கூப்பிட்டுவிட்டுத்தான் உட்காருவாள். கூச்சமான கேள்வி வரும்போது பேனையை மூடிவிட்டுக் கேட்பாள். பேனை மூடினால் வாய் திறக்கும் என்பது அவள் கண்டுபிடித்தது.

ஒரேயொரு குறை அவளுக்கு இருந்தது. அவள் வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க அறிக்கைகள். மினுங்குகிற அட்டை, உள்ளே எங்கள் பிள்ளைகளின் படம், கட்டம் கட்டமாக எண்கள். ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. ஒரு நாள் ஒன்றை என் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"பாருங்க மாமா. கடைசிப் பக்கத்தில நன்றி சொல்லியிருக்காங்க. வான் ஓட்டினவன்ட பேர் இருக்கு. அந்த வானால இறங்கி நானூறு வீட்டுக்குப் போனவள்ட பேர் இல்ல."

"பேர் வந்தா என்ன புள்ள, வராட்டி என்ன? எனக்கு எங்க பேர் வந்தது?"

"உங்கட ரெண்டு லொறியிலயும் மண்டபத்திலயும் உங்கட பேர்தானே முழ நீளத்துக்கு எழுதிக் கிடக்கு."

உண்மை என்னவென்றால் மூன்று இடத்தில் அல்ல, நாலு இடத்தில். ஐஸ் போட்டு மீன் அடைக்கிற ரெஜிபோம் பெட்டியிலும் எழுதியிருந்தேன்.

இப்படியிருக்க, போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆவணி மாதம் ஆபிரிக்காவிலிருந்து டெலாலி வந்தார். கானா நாட்டுக்காரி, ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணல் திட்டு என்று எங்களைப் போலவே ஓர் இடத்தில் பிறந்தவர். தங்குவதற்கு என் மேல்மாடி அறையைப் பீற்றிஸ் பேசிக் கொடுத்தாள். முதல் நாள் மத்தியானம் ஆச்சிப்பிள்ளை நண்டுக் கறி வைத்தாள். வெளிநாட்டுக்காரிக்கு நண்டு உடைக்கிற வித்தையைக் காட்டலாம் என்று நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் ஒரு நண்டின் இரண்டாவது காலில் இருந்தபோது அவர் இரண்டு நண்டை முடித்துவிட்டு மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த நிறுவனம் அனுப்பியது என்று கேட்டேன். பீற்றிஸ் அவரிடம் கேட்டு எனக்கு விளங்கப்படுத்தினாள். நிறுவனம் இல்லையாம், வலையமைப்பாம். எனக்கு விளங்கவில்லை.

"மாமா, நம்மட மீனவர் சங்கங்கள் எல்லாம் சேந்து சமாசம் வச்சிருக்கிறம்தானே. ஒரு சங்கம் தனியப் போனா ஆரும் கதிரை போட்டு இருத்தமாட்டாங்க, சமாசமாப் போனா எழும்பி நிப்பாங்க. அதே மாதிரித்தான். அங்க ஆபிரிக்காவில ஒரு நாட்டில நாலு பேர், இன்னொரு நாட்டில ஆறு பேர் எண்டு சமூக விஞ்ஞானம் படிச்ச ஆக்கள் தனித்தனியக் கிடந்தாங்களாம். ஆராய்ச்சி செய்ய உதவி இல்ல, எழுதினா வாசிக்க ஆள் இல்ல. தூர தேசத்து ஆக்கள் வந்து இவங்கட ஊரை ஆராய்ச்சி செஞ்சு புத்தகம் போட, இவங்க அந்தப் புத்தகத்த வாங்கிப் படிச்சுத்தான் தங்கட ஊரை அறியோணும். அதால பல நாட்டு ஆக்களும் சேந்து சமாசம் வச்சிட்டாங்க. ஒருத்தருக்கொருத்தர் உதவி, பயிற்சி. ஒருத்தர் எழுதினத மற்ற நாட்டு ஆக்கள் மூண்டு பேர் பிழை பாத்துத்தான் அச்சுக்கு விடுவாங்க."

"அதுக்கு ஏன் நம்மட வாவிக்கு வரோணும்?"

"அங்க நாலு நாட்டில நாலு வாவியப் பாத்திட்டாங்க. கரைச் சனம் தண்ணிய எப்படிப் பங்கு போடுது, ஆர் எங்க வலை போடுறது, சண்டை வந்தா ஆர் தீர்க்கிறது எண்டு. வெளியால ஒரு வாவியோட ஒப்பிட்டுப் பாக்கோணுமாம். அஞ்சாவது நம்மட."

இதுவரை தூர தேசத்துப் படித்தவர்கள்தான் எங்களைப் பார்க்க வந்தார்கள், அவர்களேதான் ஆபிரிக்காக்காரரையும் பார்க்கப் போனார்கள் என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன எனக்கு, வாவிக்காரி வாவிக்காரரைப் பார்க்க வந்தது பிடித்துப்போயிற்று. கறியில் இன்னொரு நண்டு போடச் சொன்னேன்.

அந்தச் சமாசத்துக்கு இரண்டு சட்டம் இருந்தது. ஒன்று, கேட்டு எழுதிய எண்களை அச்சடிக்க முதல் அந்த ஊர்ச் சனத்தைக் கூட்டி வாசித்துக் காட்ட வேண்டும். சனம் கை உயர்த்திச் சரி என்றால்தான் சரி. இரண்டாவது சட்டத்தைப் பீற்றிஸ் எனக்கு இரண்டு தரம் சொன்னாள். வீடு வீடாகப் போய்க் கேட்டவரின் பெயர் எழுதியவரின் பெயரோடு சேர்ந்து வர வேண்டும்.

"நன்றியிலயா?" என்று அவள் டெலாலியிடம் கேட்டாளாம்.

"இல்ல, முன்பக்கத்தில."

"எத்தினயாவது பேர்?"

"மூண்டாவது."

அன்றைக்குப் பின்னேரம் பீற்றிஸ் மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினதை நான் லொறியில் போகும்போது கண்டேன். அவளும் கண்டாள். இரண்டு பேரும் காணாத மாதிரி இருந்துவிட்டோம்.

வேலை தொடங்கியது. அறுபத்திரண்டு வீடு. பீற்றிஸ் குடையைப் பிடித்துக்கொண்டு பத்து நாளில் முடித்தாள். முடித்துக் கூட்டிப் பார்த்தபோது ஊரில் மொத்தம் மூன்று தோணி.

வாசிக்கிறவர்கள் எங்களைத் தப்பாக நினைக்கக் கூடாது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு அதிகாரிகள் வந்து சொத்துக் கணக்குப் பதிந்தார்கள். சண்டைக் காலத்தில் பதிந்தார்கள். சுனாமிக்குப் பதிந்தார்கள், வெள்ளத்துக்குப் பதிந்தார்கள். தோணி இருக்கிறது என்று சொன்னவனுக்கு ஓர் அரிசிப் பையும் கிடைக்கவில்லை. இல்லை என்று சொன்னவனுக்குத் தோணியே கிடைத்தது. இதற்குப் பிறகு பேனையோடு ஒருவர் வந்து நின்றால் எங்கள் ஊரில் தோணி எப்படி இருக்கும்? கேள்வி முடிய முதலே "இல்ல" என்று வாய் சொல்லிவிடும். அது பொய் என்றுகூட எங்களுக்குத் தோன்றுவதில்லை. கும்பிடு போடுகிற மாதிரி ஒரு பழக்கம். இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட மூன்று வீட்டில் ஒன்று சங்கத் தலைவர் யோசேப்பின் வீடு. அவர் தோணியில் தன் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, வீட்டு வாசலுக்கு நேரே வாவியில் கட்டி வைத்திருந்தார். மறைக்க வழியில்லை.

நானும் சொன்னேன். என் கூலர் லொறி வாசலில் நிற்க, அதன் நிழலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒரு பழைய சைக்கிள்தான் புள்ள" என்றேன்.

பீற்றிஸ் லொறியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சைக்கிள் ஓடுமா மாமா?"

"காத்து நிக்காது."

அதையும் எழுதினாள்.

டெலாலி விடியக் காலையில் நடக்கிறவர். ஒரு நாள் வாவிக்கரைக்குப் போனார், ஒரு மணித்தியாலம் நின்றார், ஒவ்வொன்றாக எண்ணினார். ஐம்பத்துநாலு தோணி தண்ணீரில் நின்றது. திரும்பி வந்து என் மேல்மாடி விறாந்தையில் பீற்றிஸை உட்காரவைத்து, இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி நடுவில் வைத்தார். மூன்று. ஐம்பத்துநாலு. நான் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிற சாட்டில் பக்கத்தில் நின்றேன்.

"ஆர்ர தோணியள் இது எண்டு கேக்கிறா மாமா."

"ஏறாவூர்க்காரர்ர எண்டு சொல்லு."

"ஏறாவூர்க்காரர் ஏன் நம்மட கரையில வந்து கட்டிவைக்கிறாங்க எண்டு அடுத்ததாக் கேப்பா."

டெலாலி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய தாயின் ஊரிலும் தாளும் பேனையுமாக ஆள் வந்தால் வள்ளங்களுக்குக் கால் முளைத்து நாணல் பற்றைக்குள் நடந்துவிடுமாம். சிரித்து முடித்துவிட்டுத்தான் சங்கடத்தைச் சொன்னார். இந்த எண்ணோடு போனால், பிழை பார்க்கிற மூன்று பேரும் மட்டக்களப்பு வாவியை வெட்டிவிடுவார்கள். நாலு வாவியோடு புத்தகம் வரும். ஐந்தாவது வாவி போனால் மூன்றாவது பெயரும் போகும். அவர் விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள்.

"அப்ப மூண்ட வெட்டிப்போட்டு அம்பத்துநாலு எண்டு எழுதுங்களன்," என்றேன், தாளில் இருந்த மூன்றை விரலால் வெட்டிக் காட்டி. வியாபாரி மூளை.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு வேறு, பார்வை ஒன்று.

"மாமா, பதினெட்டு வருசம் சனம் சொன்னதத்தான் எழுதினன். இப்ப என்ட பேர் வரப்போகுது எண்டு நான் நினைச்சத எழுதினா, அது என்ட பேரா?"

மண்டபத்தை இலவசமாகத் தருகிறேன், கூட்டத்தைப் போடு என்றேன். இந்தக் கூட்டம் என் மண்டபத்தில்தான் நடந்தது என்பதை வாசிக்கிறவர்கள் மறக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சனம் வந்தது. பிஸ்கட்டும் தேத்தண்ணியும் என்று சொல்லியிருந்தேன். நூற்றெழுபது கதிரை நிரம்பியது. நண்டு வாங்க வந்த ஏறாவூர் அப்துல் கபூரும் பின்வரிசையில் உட்கார்ந்தார். அவர் எனக்கு இருபது வருடப் போட்டியாளர். கூப்பிடாத இடத்துக்கும் வருவார்.

பீற்றிஸ் எழும்பி வாசித்தாள். வீடு அறுபத்திரண்டு. தோணி மூன்று. வலை ஏழு. போன வருடம் இறால் பிடித்தவர் எவரும் இல்லை.

"இது சரியெண்டா கை உயர்த்துங்க."

நான் பயந்தது நடந்தது. சனத்துக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. இவ்வளவு ஏழை ஊருக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கிற முகங்கள். முன்வரிசையில் கை எழும்பத் தொடங்கியது, பத்து, இருபது, முப்பது. பாதிக்குமேல் போனால் பொய் சட்டப்படி உண்மையாகிவிடும். டெலாலி பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பீற்றிஸ் தாள்களைப் பின்பக்கமாகப் புரட்டினாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "மொத்தம் மட்டும் வாசிச்சாக் காணாது. ஆக்கள் சொன்னதிலயும் ஒண்டு ரெண்டு வாசிக்கோணும். பேர் சொல்லமாட்டன், அது என்ட சட்டம். இதில ஒரு ஆள், வயது அறுபத்தெட்டு, தொழில் ஐஸ் விக்கிறது."

மண்டபம் முழுக்க ஒரே ஒரு பக்கம் திரும்பியது.

"சொத்து, பழைய சைக்கிள் ஒண்டு. அதுக்கும் காத்து நிக்காது. ஒரு நேரம்தான் சாப்பாடு. மற்ற நேரம் தண்ணி."

முதலில் சிரித்தது ஆச்சிப்பிள்ளை. பிறகு அப்துல் கபூர் எழும்பி நின்றார்.

"யா அல்லாஹ்! முதலாளி, இவ்வளவு கஸ்டமெண்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாளைக்கு ரெண்டு டியூப் வாங்கி அனுப்புறன். சைக்கிள்ட ரெண்டு சில்லுக்கும்."

போட்டியாளன் ஒருவன் என் மண்டபத்தில் நின்று எனக்குத் தானம் கொடுப்பதா? ஐம்பத்தேழு வருடம் சைக்கிள் மிதித்து மேலே வந்தவன் நான். நிவாரணம் வந்தால் வரட்டும், வராமல் போகட்டும். எழும்பினேன்.

"எழுது புள்ள! பட்டா லொறி ஒண்டு! கூலர் லொறி ஒண்டு! ஐஸ் மெசின் ரெண்டு! மேல்மாடி! நீங்க எல்லாரும் குந்தியிருக்கிற மண்டபம் ஒண்டு! மூண்டு நேரமும் சாப்பிடுறன், நடுவில தயிரும் திங்கிறன்!"

எங்கள் ஊரில் நாற்பது வருடப் பழக்கத்தை உடைத்த முதல் மனிதன் நான்தான். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

நான் உட்கார முதல் சங்கத் தலைவர் யோசேப்பு எழும்பிவிட்டார். சீனித்தம்பிக்கு இவ்வளவு இருக்க, தலைவருக்கு ஒரு தோணி மட்டும் என்று எப்படி விடுவது?

"எனக்கு ஒண்டில்ல, நாலு தோணி!"

அவருடைய பக்கத்து வளவு இளையதம்பி துள்ளினார். "அவருக்கு நாலெண்டா எனக்கு அஞ்சு!"

"வலை எழுது, எனக்கு முப்பது!"

"ஒரு நாளைக்கு அம்பது கிலோ இறால்!"

குறைத்துச் சொல்கிற பொய் போய் உண்மை வரும் என்று பார்த்தால், கூட்டிச் சொல்கிற பொய் வந்துவிட்டது. பீற்றிஸ் மூச்சுவிடாமல் எழுதினாள். முடிந்து கூட்டிப் பார்த்தபோது ஊரில் நூற்று நாற்பத்தொரு தோணி. அவ்வளவையும் ஒரே நேரத்தில் இறக்கினால் வாவியில் தண்ணீருக்கு இடமிருக்காது. டெலாலி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

பீற்றிஸ் தாளைப் பார்த்தாள், சனத்தைப் பார்த்தாள். பிறகு பேனையை மூடினாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ வரப்போகிறது.

"நல்லது. இனி ஒரு ஆளும் தன்ட வீட்டப் பத்திப் பறைய ஒண்ணா. பக்கத்து வீட்டப் பத்தி மட்டும்தான் சொல்லலாம். யோசேப்பு மாமா, இளையதம்பி அண்ணன்ட வளவில எத்தின தோணி?"

"அஞ்சா? அவன்ட மூஞ்சிக்கு அஞ்சா? ரெண்டு. அதிலயும் ஒண்டு ஓட்டை."

"இளையதம்பி அண்ணன், தலைவர்ர வீட்டில?"

"ரெண்டு. நாலு எண்டது அவர் கண்ணாடியில பாத்த கணக்கு."

"ஓட்டையெண்டாலும் நான் அதில போய்த்தானே பிடிக்கிறன்," என்று இளையதம்பி பிறகு முணுமுணுத்தார்; ஆனால் ரெண்டு என்பதை மறுக்கவில்லை. யோசேப்பும் மறுக்கவில்லை.

அதுதான் பீற்றிஸ் கண்டுபிடித்த கெட்டித்தனம். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒன்று கூடுதலாக எழுத விடமாட்டோம், வயிறு எரியும். நிவாரணம் அவனுக்கு மட்டும் போய்விடும் என்று ஒன்று குறைத்து எழுதவும் விடமாட்டோம். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மிஞ்சுவது உண்மை ஒன்றுதான். வரிசையாக வீடு வீடாக வந்தது. சனம் கோயில் திருவிழா மாதிரி ரசித்தது.

என் முறையும் வந்தது. பக்கத்து வீட்டு யசோதினி எழும்பினாள்.

"லொறி ரெண்டும் உள்ளதுதான். மண்டபமும் சரி. ஐஸ் மெசின் ரெண்டெண்டு சொன்னார், அதில ஒண்டுக்குள்ள மூண்டு வருசமாக் கோழி அடைகாக்குது."

அதைத் திருத்தக் கொடுக்க இருந்தேன். பிறகு கோழி குஞ்சு பொரித்ததால் விட்டுவிட்டேன். ஆனால் எழுதியது எழுதியதுதான், மெசின் ஒன்று.

மொத்தம் ஐம்பத்தெட்டுத் தோணி வந்தது. டெலாலி எண்ணியது ஐம்பத்துநாலு. மிச்சம் நாலு எங்கே என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் எழும்பி, பிஸ்கட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, கரைக்கு நடந்தோம். தென்னைகளுக்குப் பின்னால் நாலு தோணி கவிழ்த்துப் போட்டுக் கிடந்தது, ஓட்டை அடைக்க. டெலாலி ஒவ்வொன்றின் முதுகையும் தட்டிப் பார்த்தார். அந்த இடத்திலேயே, வெயிலில் நின்றபடி, சனம் கை உயர்த்தியது. ஒரு கை குறையவில்லை. அப்துல் கபூரும் உயர்த்தினார். அவர் இந்த ஊர் இல்லை என்று சொல்லி நான் அந்தக் கையை இறக்கினேன்.

டெலாலி போய் நாலு மாதம் புத்தகத்தைப் பற்றி ஒரு முடிவும் வரவில்லை. பிழை பார்க்கிற மூன்று பேர், ஒருவர் கென்யா, ஒருவர் பெனின், ஒருவர் மொசாம்பிக். அவர்கள் கேள்வி கேட்டு எழுதினார்கள், பீற்றிஸ் பதில் எழுதினாள். அவளிடம் கேள்வி கேட்கிற ஆட்களும் உலகத்தில் உண்டு என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் அவள் தபால்காரரைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பாள். ஒரு நாள் கேட்டேன்:

"என்ன புள்ள, ஒண்டும் வரல்லியா?"

"பெனின்காரர் கேக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரைப் பத்திச் சொன்னதால மறுகா சண்டை வந்ததா எண்டு."

"என்ன எழுதின?"

"சண்டை முதலே இருந்தது, அதாலதான் கணக்குச் சரியா வந்தது எண்டு எழுதினன்."

மாசியில் புத்தகம் வந்தது. அட்டை மினுங்கவில்லை, படமும் இல்லை. முன்பக்கத்தில் பெயர்கள். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பீற்றிஸ் விரல் வைத்துக் காட்டினாள், மூன்றாவது. விரலை அங்கிருந்து எடுக்க அவளுக்குக் கனநேரம் சென்றது. ஆச்சிப்பிள்ளை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப உன்ட சந்தோசத்துக்கு ஒண்டில இருந்து அஞ்சுக்குள்ள சொல்லு பாப்பம்" என்றாள்.

"எழுத ஏலாது மாமி," என்றாள் பீற்றிஸ்.

அந்தச் சமாசம் அவளைத் தங்கள் வருடக் கூட்டத்துக்கும் கூப்பிட்டது. பதினொரு நாள் கானாவில் இருந்துவிட்டு வந்தாள். அறுபது ஆராய்ச்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்த மண்டபமாம். என் மண்டபத்தைவிடச் சின்னது என்று அவளே சொன்னாள். மேடையில் ஏறி அவள் கேட்ட முதல் கேள்வி: "உங்கட வீட்டுக்கு ஆராவது வினாக்கொத்தோட வந்தபோது முழு உண்மையும் சொன்ன ஆக்கள் கை உயர்த்துங்க." நாலு கை எழும்பியதாம். "அந்த நாலு பேர்ர பக்கத்து வீட்டாரையும் கூட்டி வாங்க, கேட்டுப் பாப்பம்" என்றாளாம். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் அவளைப் பேசவிடாமல் சிரித்தார்கள் என்று டெலாலி எழுதியிருந்தார். இப்போது அந்த நாடுகளில் இரண்டு மூன்று வாவிக்கரைகளில் பக்கத்து வீட்டாரிடம் கேட்கிற வேலை நடக்கிறது.

போன மாதம் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் விரலால் தொட்டு எழுதுகிற டப். எண்ணூறு வீட்டில் கேள்வி கேட்க வேண்டும், அனுபவமுள்ள கள உதவியாளர் ஒருவர் வேண்டும், எல்லாரும் பீற்றிஸைத்தான் சொல்கிறார்கள் என்றார்கள். நான்தான் அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பீற்றிஸ் படலைக்கு உள்ளே நின்றாள். படலையைத் திறக்கவில்லை.

"கேள்வி எத்தின?"

"நூற்றுப்பத்து, மிஸ்."

"சனத்துக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அப்பிடி ஒரு முறை எங்கட..."

"என்ட பேர் எத்தினயாவது வரும்?"

"மிஸ், அது... நன்றிப் பகுதியில..."

"ஆரிட்டக் கேக்கோணும்?"

"தலைமைக் காரியாலயத்தில."

"கேட்டுட்டு வாங்க. எழுத்தில வேணும். நான் எங்கயும் போகமாட்டன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். கையில் ஒரு கடதாசி இருந்தது. பீற்றிஸ் அதைப் படலைக்கு மேலால் வாங்கி, நின்றபடியே முழுக்க வாசித்தாள். தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துத் திரும்பவும் வாசித்தாள். அதற்குப் பிறகுதான் படலைக் கொளுக்கியைக் கழற்றினாள்.